டிரினிட்டி கல்லூரியின் பெரிய முற்றம் ஏன் கோணலாக இருக்கிறது?

கேள்வி இது: "ராமானுஜன் இருந்த கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி ஒரே திட்டத்தில் கட்டப்பட்டதா? அதன் கட்டிடங்கள், தோட்டம், வரலாறு பற்றி விளக்கமாகச் சொல்ல முடியுமா? நேரில் போனால் எந்த வரிசையில் பார்ப்பது?"

ஒரே திட்டத்தில் கட்டப்படவே இல்லை. புகைப்படத்தில் பார்த்தால் யாரோ ஒரு மகா கட்டிடக் கலைஞர் கயிறு பிடித்து அளந்து கட்டியது போலத் தெரியும். நேரில் நின்று பார்த்தால் எந்த மூலையும் செங்கோணம் இல்லை, எதிரெதிர்ச் சுவர்கள் ஒரே நீளம் இல்லை, நீரூற்று நட்ட நடுவில் இல்லை. அந்தக் கோணல்கள்தான் இந்தக் கல்லூரியின் வரலாறு. எது எங்கே கோணலாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நடந்தால், வழிகாட்டிப் புத்தகம் இல்லாமலே 700 வருடத்தைப் படித்துவிடலாம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழகம் வேறு, கல்லூரி வேறு. விரிவுரை, தேர்வு, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் வேலை. மாணவரைச் சேர்ப்பது, தங்கவைப்பது, சோறு போடுவது, ஓரிருவராக உட்காரவைத்துப் பாடம் சொல்லித்தருவது கல்லூரியின் வேலை. இப்படி 31 கல்லூரிகள் உண்டு. இன்றைக்கும் இளநிலை மாணவர் பட்டம் பெற, பருவத்துக்கு இத்தனை இரவு கேம்பிரிட்ஜிலேயே தங்கியிருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது: முதல் இரண்டு பருவங்களில் 59 இரவு, கோடைப் பருவத்தில் 52. நகரின் நடுவில் உள்ள கிரேட் செயின்ட் மேரிஸ் தேவாலயத்திலிருந்து 3 மைலுக்குள் அவர் தங்க வேண்டும். ஆகவே கல்லூரி என்பது முதலில் ஒரு வீடு. அதன் 'கோர்ட்'டை நம்மூர்க் கட்டு வீட்டின் 'கட்டு' என்று நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும்: நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் அறைகள், ஒரு கட்டுக்குப் பின்னால் இன்னொரு கட்டு. டிரினிட்டி அப்படிப் பல கட்டு உள்ள வீடு.

1546 டிசம்பர் 19 அன்று எட்டாம் ஹென்றி டிரினிட்டிக்குச் சாசனம் கொடுத்தார். ஆறு வாரத்தில் இறந்தும் போனார். மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை எடுத்துக்கொண்ட அரசர் அவர். அடுத்து கல்லூரிகளின் சொத்து மீதும் கை வைக்கச் சட்டம் வந்தபோது பல்கலைக்கழகத்தார் அரசி கேத்தரின் பார் மூலம் மன்றாடினார்கள். அதன் முடிவில் எடுப்பதற்குப் பதில் கொடுத்தார். ஆனால் வெற்று மனையில் கொடுக்கவில்லை. 1324இல் தொடங்கிய மைக்கேல்ஹவுஸ், 1337இல் கல்லூரியாக நிலைபெற்ற கிங்ஸ் ஹால், இவற்றோடு சில சிறு விடுதிகள் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரு பெயர் வைத்தார். தென்மேற்கில் மைக்கேல்ஹவுஸ், வடக்கில் கிங்ஸ் ஹால், இடையில் சந்துகள், தனித்தனி வாசல்கள். ஒரே உரிமையாளர் கைக்கு வந்த, ஒட்டாத வீடுகளின் தொகுப்பு அது. அடுத்த ஐம்பது வருடம் பெரும்பாலும் அப்படியேதான் இருந்தது.

அதை முற்றமாக்கியவர் தாமஸ் நெவில். 1593 முதல் 1615 வரை கல்லூரித் தலைவர். இவருடைய சாதனையில் கட்டியதை விட இடித்தது முக்கியம். பழைய கல்லூரிகளில் முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்த பகுதிகளை இடித்தார். கிங்ஸ் ஹாலின் வாயில் கோபுரம் 1428 - 1432இல் கட்டப்பட்டது. அது வழியை மறித்து நின்றது. அதைத் தூக்கி எறியாமல், சுமார் 20 மீட்டர் வடக்கே தள்ளி, தேவாலயத்தின் மேற்கு முனையை ஒட்டி நிறுத்தினார். இன்றைக்குக் கடிகாரம் இருக்கும் எட்வர்டு அரசர் கோபுரம் அதுதான். வாயில் கோபுரமாகப் பிறந்தது என்பது அடியில் உள்ள வளைவைப் பார்த்தாலே தெரியும். ஆனால் இப்போது அது எந்தத் தெருவுக்கும் வாசல் இல்லை.

தெற்குப் பக்கம் புதுக் கட்டிடம் எழுப்பி நடுவில் அரசி வாயில் வைத்தார், 1597இல். கிழக்கே ஏற்கெனவே நின்றது கிங்ஸ் ஹாலின் பெரிய வாயில். வடக்கே தேவாலயம். மேற்கே உணவுக்கூடமும் தலைவர் இல்லமும். நாலும் நாலு காலத்தில், நாலு திசைக் கணக்கில் அமைந்தவை. அவற்றை இணைத்தால் சதுரம் வராது. மேற்குப் பக்கம் சுமார் 344 அடி, கிழக்கு 325, தெற்கு 288, வடக்கு 257. பரப்பு இரண்டு ஏக்கருக்குச் சற்று மேலே. சென்னை மனைக் கணக்கில் ஏறக்குறைய 38 கிரவுண்டு. இவ்வளவு பெரிய இடத்தில் எதிரெதிர்ப் பக்கங்களுக்குள் 19, 31 அடி வித்தியாசம் கண்ணுக்குப் படாமல் போவதற்குக் காரணம், சுற்றியுள்ள கட்டிடங்கள் தாழ்வாக இருப்பதும், நீரூற்று பார்வையை நடுவில் இழுத்துப் பிடித்துக்கொள்வதும். உயரமான கட்டிடங்களால் சுற்றியிருந்தால் இதே கோணல் உறுத்தியிருக்கும். நெவிலின் கணக்கு இதில்தான் சரியாக விழுந்தது என்பேன்.

பெரிய வாயிலைத் தெருவிலிருந்து நின்று பாருங்கள். சிவப்புச் செங்கல், மூலைகளில் கல், நாலு எண்கோணச் சிறுகோபுரங்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1530களில் முடிந்தது. ஹென்றியின் சிலை 1615இல் வைக்கப்பட்டது. அவர் வலது கையில் பிடித்திருப்பது செங்கோல் இல்லை, நாற்காலிக் கால். மாணவர் விளையாட்டு, அப்படியே விட்டுவிட்டார்கள். எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குக் கீழே உள்ள கேடயங்களைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் எட்வர்டும் அவருடைய ஆறு மகன்களும். ஒரு கேடயம் மட்டும் வெறுமையாக இருக்கும். அது ஹாட்ஃபீல்ட் வில்லியமுக்கு உரியது. குழந்தையிலேயே இறந்ததால் அவருக்குச் சின்னம் கிடைக்கவில்லை. சிலையில் இருப்பவர் டிரினிட்டியை நிறுவியவர், கேடயத்தில் இருப்பவர்கள் அதற்கு முந்திய கிங்ஸ் ஹாலின் அரச குடும்பம். வாசலிலேயே இரண்டு கல்லூரிகள் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன.

செங்கல் ஏன்? கேம்பிரிட்ஜ் மண்ணில் கட்டடக் கல் கிடையாது. உள்ளூரில் கிடைப்பது களிமண்ணும், 'க்ளஞ்ச்' என்று அவர்கள் சொல்லும் மென்மையான வெள்ளைச் சுண்ணக்கல்லும்தான். க்ளஞ்ச் உளிக்கு வெண்ணெய் மாதிரி வழிவிடும். உள்ளே செதுக்கு வேலைக்கு நல்லது. வெளியே வைத்தால் மழை குடித்து, பனியில் உறைந்து, பொருபொருவென்று உதிரும். நல்ல கல் வேண்டுமானால் வடமேற்கே ரட்லண்டின் கெட்டன் போன்ற குவாரிகளிலிருந்து வர வேண்டும். மாட்டு வண்டியில் அவ்வளவு தூரம் இழுத்தால் கட்டுப்படியாகாது. ஆறுகளிலும் சதுப்பு நிலக் கால்வாய்களிலும் படகில் வந்தது. ஆகவே யாரும் கல்லை வீணாக்கவில்லை. பக்கத்திலிருந்த பிரான்சிஸ்கன் துறவியர் மடம் கலைக்கப்பட்டதும், அதன் கற்களை டிரினிட்டி கட்டிட வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பெரிய முற்றத்தின் பல பக்கங்களில் செங்கலும் கற்துண்டும் சேர்த்துக் கட்டி மேலே பூசியிருப்பதற்குக் காரணமும் இதுவே.

அந்தத் துறவியர் கொடுத்த இன்னொரு சொத்து தண்ணீர். நகரத்துக்கு மேற்கே 'கண்டூட் ஹெட்' என்ற ஊற்றிலிருந்து 1325 வாக்கில் தங்கள் மடத்துக்குக் குழாய் பதித்திருந்தார்கள். வழி, பிற்பாடு டிரினிட்டி எழுந்த மனையின் ஊடாக வந்தது. மடம் போனதும் குழாய் கல்லூரிக்கு வந்தது. நெவில் அதன் மேல் 1601 - 1602இல் நீரூற்று மண்டபம் கட்டினார். இப்போது நிற்பது 1715 - 1716இல் மறுபடி எழுப்பியது. அது அழகுக்கு வைத்ததில்லை, இந்த வீட்டின் கிணறு. எட்டுத் தூண்களும் மேலே சிங்கமும் உள்ள அந்த மண்டபத்தைப் பார்த்தால் நம்மூர்த் தெப்பக்குளத்து நீராழி மண்டபம் நினைவுக்கு வரும். கல்லூரிக்கு வெளியேயும் ஒரு குழாய் வைத்து ஊராருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

கடிகாரக் கோபுரத்துக்கு வருவோம். மணியை இரண்டு முறை அடிக்கும்: முதலில் தாழ்ந்த சுரத்தில் ஒரு முறை, பிறகு உயர்ந்த சுரத்தில் அதே எண்ணிக்கை. நண்பகல் 12 என்றால் 24 அடி. அது முடிவதற்குள் முற்றத்தைச் சுற்றி ஓடிவிட வேண்டும் என்பது ஓட்டப் பந்தயம். சுற்றளவு சுமார் 367 மீட்டர், மணியடிக்கும் நேரம் 43 முதல் 44 வினாடி வரை. சாவி கொடுத்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைப் பொறுத்துச் சற்று மாறும். 400 மீட்டர் ஓட்டத்தின் வேகக் கணக்கில் இது முடியாத காரியம் இல்லை. முடியாமல் போவதற்குக் காரணம் மூலைகள். நாலு கூர்மையான திருப்பம், காலுக்கடியில் கல் பாளம். திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தால் ஒரு வினாடி போச்சு, குறைக்காவிட்டால் வழுக்கும். 1927இல் பர்லி பிரபு ஓடி முடித்தார். 2007இல் சாம் டோபின் என்ற மாணவர் 42.77 வினாடியில் முடித்தார். இப்போதுள்ள கடிகார இயந்திரம் 1910இல் பொருத்தியது.

பெரிய வாயிலுக்கும் தேவாலயத்துக்கும் இடையில், வெளிப்பக்கம், ஒரு சின்னப் புல்வெளியும் ஆப்பிள் மரமும் உண்டு. அதன் மேல் மாடியில்தான் நியூட்டனின் அறைகள். கீழே இருந்த இடம் அவருடைய தோட்டம். மரம் 1954இல் நட்டது. உல்ஸ்தார்ப் ஊரில் நியூட்டன் வீட்டுத் தோட்டத்து மரத்திலிருந்து ஒட்டுக்கட்டி வந்த 'ஃப்ளவர் ஆஃப் கென்ட்' வகை. விதையில் முளைத்தால் ஆப்பிள் தாய்மரத்தின் குணத்தோடு வராது; ஒட்டுமாங்கன்று போல ஒட்டுக்கிளையில்தான் அதே மரம் தொடரும். இதே வம்சத்தில், அதே 1954இல் கேம்பிரிட்ஜ் தாவரவியல் பூங்காவில் நட்ட மரம் தேன்பூஞ்சை நோயில் வேர் அழுகி, 2022 பிப்ரவரிப் புயலில் விழுந்தது. செய்தித்தாள்களில் "நியூட்டன் மரம் விழுந்தது" என்று படித்தவர்கள் டிரினிட்டி மரம் என்று நினைத்துக்கொண்டார்கள். அது வேறு, இது வேறு.

தேவாலயத்தை அரசி மேரி தொடங்கினார், எலிசபெத் காலத்தில் 1567 வாக்கில் முடிந்தது. கட்டிடமாக அது நீளமான ஒரு பெட்டி, அவ்வளவே. முன்மண்டபத்தில் உள்ள சிலைகளுக்காகப் போக வேண்டும். ரூபிலியாக் 1755இல் செய்த நியூட்டன், கையில் பட்டகத்தோடு நிற்கிறார். சுற்றிலும் பேக்கன், பாரோ, மெக்காலே, ஹ்யூவல், டென்னிசன்.

மேற்குப் பக்கத்து உணவுக்கூடம் 1604 - 1605இல் கட்டியது. லண்டன் மிடில் டெம்பிள் சட்டக் கழகத்தின் கூடத்தை அளந்து அதே மாதிரி: 100 அடி நீளம், 40 அடி அகலம், 50 அடி உயரம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் மரத் தட்டி வைத்த ஒரு நடை உண்டு. பரிமாறுபவர்கள் வருவதற்காக அமைத்தது. அதே நடைதான் பெரிய முற்றத்திலிருந்து அடுத்த கட்டுக்குப் போகும் வழியும். அந்த இருண்ட நடையைத் தாண்டி வெளியே வந்தால் நெவில்ஸ் கோர்ட் முழுவதுமாகக் கண் முன் விரியும். கல்லூரியிலேயே சிறந்த நுழைவு இது; பெரிய வாயில் கூட இரண்டாவதுதான்.

நெவில்ஸ் கோர்ட்டை நெவில் தம் சொந்தப் பணத்தில் கட்டினார். இரண்டு பக்கம் தூண் தாழ்வாரம், மேலே அறைகள், ஆற்றை நோக்கிய மேற்குப் பக்கம் திறந்து கிடந்தது. வடக்குத் தாழ்வாரத்தில்தான் நியூட்டன் ஒலியின் வேகத்தை அளந்தார். அவர் குறித்த நீளம் 208 அடி. ஒரு முனையில் தரையை உதைத்தால் ஓசை மறுமுனைச் சுவரில் மோதித் திரும்பும். போய்வர 416 அடி. எதிரொலி வர ஆகும் நேரம் சுமார் 0.38 வினாடி. இதை அளக்கும் கடிகாரம் அன்றைக்கு இல்லை. ஆகவே ஊசலின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து, அதன் ஆட்டமும் எதிரொலியும் ஒன்றுசேரும்வரை பார்த்தார். ஐந்தரை அங்குல ஊசல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஏறக்குறைய இதே நேரம்தான் எடுக்கும்.  ஆனால் அவருடைய கணக்குச் சூத்திரம் வினாடிக்கு 979 அடி என்றே சொன்னது, உண்மை 1,100க்கு மேல். ஒலி அலை காற்றை அமுக்கும்போது காற்று சூடாகிறது என்பதை அவர் சேர்க்கவில்லை. பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸ் பின்னால் வந்து சேர்த்தார்.

இதே தாழ்வாரத்தில் 1914 ஆகஸ்டில் படுக்கைகள் போட்டார்கள். முதல் உலகப் போர் தொடங்கியதும் ராணுவ மருத்துவமனை இங்கேதான் ஆரம்பித்தது. ராமானுஜன் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

மேற்குப் பக்கத்தை மூடியது நூலகம். இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். தலைவர் ஐசக் பாரோ கேட்க, கட்டிடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் கட்டணம் வாங்காமல் வரைபடம் கொடுத்தார். குவிமாடம் வைத்த வட்ட மண்டபமாக அவர் போட்ட முதல் வரைபடம் கட்டப்படவில்லை. இரண்டாவது, நீளக் கட்டிடம், 1676இல் தொடங்கி 1695இல் முடிந்தது. அதற்கு ஈடாக நெவில்ஸ் கோர்ட்டின் இரு பக்கங்களையும் நீட்டி நூலகத்தோடு சேர்த்தார்கள்.

முற்றத்தில் நின்று பார்த்தால் கீழே வளைவு வரிசை, மேலே பெரிய ஜன்னல் வரிசை. இரண்டுக்கும் நடுவில் ஓடும் கல் பட்டையில்தான் மேல்தளம் இருக்கிறது என்று நினைப்போம். இல்லை. கீழ் வளைவுகளின் அரைவட்டத்தைக் கவனியுங்கள்; திறந்திருக்காமல் கல்லால் அடைத்திருக்கும். தளம் அந்த அரைவட்டத்துக்கு அடியிலேயே போகிறது. அதாவது வெளியே தெரிவதை விடப் பல அடி தாழ்வாக. இதனால் உள்ளே என்ன கிடைத்தது? ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு வெகு மேலே போய்விட்டன. அவற்றுக்குக் கீழே முழுச் சுவரும் புத்தக அலமாரிக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய நூலகங்களில் இரண்டு ஜன்னலுக்கு நடுவே ஓர் அலமாரி என்று வைப்பார்கள், ஜன்னல் தாழ்வாக இருக்கும், வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக விழும். ரென் சுவரோரமும் சுவருக்குக் குறுக்கேயும் அலமாரி வைத்து, மூன்று பக்கம் புத்தகம் சூழ்ந்த சிறு சிறு அறைகளாக ஆக்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, முக்காலி, சுழலும் புத்தகத் தாங்கி. எல்லாம் அவரே வரைந்தவை. வெளிச்சம் தலைக்கு மேலிருந்து, இரு பக்கமும் சமமாக இறங்கும். விலையாகக் கொடுத்தது கீழ்த் தாழ்வாரத்தின் உயரம். அதற்குள் நடந்தால் கூரை தாழ்வாக இருப்பது உடனே தெரியும்.

புத்தகத்தை மாடியில் வைத்ததற்குக் காரணம் ஆறு. கேம் நதி சில அடி தூரத்தில். தரைத்தளம் ஈரம் குடிக்கும். அதே ஈர மண் அடித்தளத்துக்கும் தொல்லை. தூண்கள் தங்கள் சுமையைப் புள்ளி புள்ளியாக மண்ணில் இறக்கினால் ஒன்று அதிகம் அமிழும், ஒன்று குறைவாக, மேலே விரிசல் விடும். இங்கே தூண்களுக்கு அடியில், மண்ணுக்குள், வளைவுகளைத் தலைகீழாகக் கட்டியிருக்கிறார்கள். தூணிலிருந்து வரும் பாரம் தலைகீழ் வளைவின் வழியாக அடுத்த தூண்வரை பரவி, மொத்த நீளமும் ஒரே பாய் போல மண்ணை அழுத்தும்.

உள்ளே அலமாரி முனைகளில் உள்ள பூ, இலை, கனிகள் கிரின்லிங் கிப்பன்ஸ் லிண்டன் மரத்தில் செதுக்கியவை. காம்பு தனியாக நிற்கும் அளவுக்கு நுணுக்கம். கூரைமேல் நிற்கும் நாலு சிலைகள் கையஸ் சிபர் செய்தவை: இறையியல், சட்டம், மருத்துவம், கணிதம். தெற்குக் கோடியில் கவிஞர் பைரனின் பளிங்குச் சிலை. வெஸ்ட்மின்ஸ்டர் அபே வேண்டாமென்று மறுத்ததால் இங்கே வந்தது. காட்சிப் பெட்டிகளில் நியூட்டன் தம் கைப்பட இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் எழுதிய பிரின்சிப்பியாவை, அவருடைய புகழ்பெற்ற இயற்பியல் நூலை, காணலாம்.

தமிழருக்கு இந்த நூலகம் வேறு காரணத்துக்காகவும் முக்கியம். ராமானுஜன் ஊர் திரும்பியபின், கடைசி வருடத்தில் படுக்கையில் எழுதிய தாள்களைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1923இல், அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணிதர் ஹார்டிக்கு அனுப்பியது. ஹார்டியிடமிருந்து அவை கணிதர் ஜி. என். வாட்சன் கைக்குப் போயின. வாட்சன் 1965இல் இறந்தபின், அவர் வீட்டுக் காகிதக் குவியலில் எரிக்கப்படாமல் தப்பி, 1968 கடைசியில் டிரினிட்டிக்கு வந்தன. 1976இல் அமெரிக்கக் கணிதர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் வாட்சனின் காகிதங்களைப் பார்க்க இங்கே வந்தபோது அடையாளம் கண்டார். நூறு பக்கத்துக்கு மேல், அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள், அதிகம் நிரூபணம் இல்லாமல். 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்று உலகம் சொல்வது இதைத்தான்.

ராமானுஜன் தங்கிய அறைகளை வரிசையாகச் சொல்கிறேன், பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். 1914 ஏப்ரலில் வந்ததும் கல்லூரிக்கு வெளியே, செஸ்டர்டன் சாலையில், கணிதர் நெவில் வீட்டில் இருந்தார். (முற்றம் கட்டிய நெவில் இல்லை, முன்னூறு வருடம் பிந்தியவர்.) ஜூன் வாக்கில் ஹ்யூவல்ஸ் கோர்ட்டுக்கு வந்தார். இது பெரிய வாயிலுக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம். தலைவர் வில்லியம் ஹ்யூவல் செலவில் 1860களில் ஆண்டனி சால்வின் கட்டியது. இறுக்கமான, நிழலான முற்றம். தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் பின்னாளில் இதன் கோபுர உச்சியில் இருந்தார். அடுத்து பிஷப்ஸ் ஹாஸ்டல்: பெரிய முற்றத்துக்குத் தென்மேற்கே 1669 - 1671இல் கட்டிய செங்கல் கட்டிடம். லிச்ஃபீல்ட் பிஷப் ஹாக்கெட் பணம் கொடுத்தார், வாடகையில் நூலகத்துக்குப் புத்தகம் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அங்கிருந்து நியூ கோர்ட்டில் இருந்த ஹார்டியின் அறை கூப்பிடு தூரம். ஹார்டியோடு சேர்ந்து ஆய்வு செய்த கணிதர் லிட்டில்வுட் நெவில்ஸ் கோர்ட்டில் இருந்தார். மூவர் அறைகளையும் சுற்றிவர ஐந்து நிமிடம் போதும். உணவுக்கூடத்தில் ராமானுஜன் சாப்பிடவில்லை. சைவம் என்று வந்தாலும் எந்தக் கொழுப்பில் சமைத்தது என்ற கவலை. அறையிலேயே சமைத்தார். 1918 அக்டோபரில் கல்லூரி ஃபெலோவாக, அதாவது ஆய்வு உறுப்பினராக, தேர்ந்தெடுக்கப்பட்டார், டிரினிட்டியில் அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர். பெரிய முற்றத்துப் புல்வெளியில் கால் வைக்கும் உரிமை ஃபெலோக்களுக்கு மட்டுமே. அந்த உரிமை வந்தபோது அவர் நோயாளி, பெரும்பாலும் கல்லூரிக்கு வெளியே சிகிச்சையில் இருந்தார்.

அறைகள் நீண்ட நடைபாதையின் இரு பக்கமும் வரிசையாக இருக்காது. முற்றத்திலிருந்து நேரே ஏறும் மாடிப்படிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, ஒரு படிக்குச் சில அறைகள்; அடியில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் குடியிருப்போர் பெயர். ஒரு படியில் எழும் சத்தம் அடுத்த படிக்குப் போகாது. முகவரியே "இன்ன முற்றம், இன்ன எழுத்து, இன்ன எண்" என்றுதான்.

நியூ கோர்ட்டைப் பற்றி, பழைய கட்டிடங்களில் அக்கறை உள்ளவர்களுக்காக. வில்லியம் வில்கின்ஸ் 1823 - 1825இல் கட்டியது. கல்லூரியின் மற்றப் பகுதிகளுக்கு முன் அழகில் சாதாரணம். ஆனால் 2010களில் அதைக் குளிர் தாங்கும்படி திருத்திய வேலை பாடமாக எடுத்துக்கொள்ளத் தக்கது. பழைய சுவரின் உட்பக்கம் வெப்பக் காப்பு ஒட்டினால் அறை சூடாகும், சுவரோ முன்னை விடக் குளிர்ந்துபோகும். அறை ஈரம் காப்பின் பின்னால் போய்க் குளிர்ந்த சுவரில் நீராக வியர்க்கும். வெளியே தெரியாது. சுவருக்குள் செருகியிருக்கும் மர உத்தரத்தின் முனைகள் அழுகி, தளம் தொய்யும்போதுதான் தெரியும். ஆகவே ஈரம் உள்ளே வந்தாலும் வெளியேறக்கூடிய, மூச்சுவிடும் காப்புப் பொருளைப் பயன்படுத்தினார்கள்; சுவருக்குள் ஈரமானி வைத்துக் கண்காணித்தார்கள். சிமெண்ட் பூசக் கூடாது என்பதும் இதே நியாயம்தான். சுண்ணாம்புக் காரை கல்லை விட மென்மை, ஈரம் அதன் வழியே வெளியேறும். தேய்வது காரை, மீண்டும் பூசலாம். சிமெண்ட் கல்லை விடக் கடினம். ஈரம் கல் வழியே வெளியேறி, பனியில் உறைந்து, கல்லின் முகம் தோல் உரிந்ததுபோல் கழன்று விழும். காரைக்குடி வீட்டுச் சுவரில் சிமெண்ட் பூசியவர்கள் பனி இல்லாமலே உப்புப் பூத்து இதைப் பார்த்திருப்பார்கள்.

நூலகத்துக்குப் பின்னால் ஆறு. ஜேம்ஸ் எசெக்ஸ் 1764 - 1765இல் கட்டிய மூன்று வளைவுப் பாலம். அதைத் தாண்டினால் இரு பக்கமும் 'லைம்' மர வரிசை; முதலில் நட்டது 1670களில். இது எலுமிச்சை இல்லை, லிண்டன். கிப்பன்ஸ் செதுக்கிய அதே மரம். பாலத்தில் நின்று திரும்பி ரென் நூலகத்தைப் பாருங்கள். முற்றத்துப் பக்கம் தூண்களும் சிற்பமும். ஆற்றுப் பக்கம் அலங்காரமில்லாத சுவர், கீழே மூன்று வாசல். மண்டபத்தின் பின்சுவர் போலத்தான் ரென் அதை நினைத்திருக்கிறார். என் ரசனைக்கு இந்தப் பக்கமே மேல். புல்வெளிகள் பச்சையாக இருக்கும் என்று எதிர்பார்த்துக் கோடையில் போய் ஏமாறாதீர்கள்: கேம்பிரிட்ஜ் இங்கிலாந்தின் மிக வறண்ட பகுதியில் இருக்கிறது, வருடத்துக்கு 600 மில்லிமீட்டரைத் தொடாது, சென்னையில் பெய்வதில் பாதிக்கும் குறைவு. ஆகஸ்டில் புல் வைக்கோல் நிறம். மார்ச்சில் போனால் ஆற்றங்கரை மரங்களுக்கடியில் குரோக்கஸ் பூத்திருக்கும்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தெருவில் நின்று வாயில், ஆப்பிள் மரம். பெரிய முற்றத்தில் நுழைந்ததும் வலப்பக்கமாகத் தேவாலயம், கடிகாரம். நண்பகலுக்குக் கால் மணி முன் அங்கே இருந்தால் 24 அடியும் கேட்கலாம். அதன்பின் நீரூற்றருகே நின்று நாலு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள், கோணல் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். உணவுக்கூட நடை வழியாக நெவில்ஸ் கோர்ட், வடக்குத் தாழ்வாரத்தில் ஒரு கைத்தட்டல், பிறகு நூலகம். பார்வையாளரை நூலகத்துக்குள் குறிப்பிட்ட சில மணி நேரமே விடுவார்கள், ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஜூன் நடு வரை தேர்வுக் காலத்தில் கட்டுப்பாடு கூடும். புறப்படும் முன் கல்லூரியின் இணையதளத்தில் அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர் குடியிருக்கும் மாடிப்படிகளில் ஏற அனுமதி இல்லை. ராமானுஜன் அறையைக் காட்டச் சொல்லிக் காவலரிடம் கேட்க வேண்டாம். அங்கே இப்போதும் யாரோ ஒரு மாணவர் குடியிருப்பார்.